புது நீச்சல் குளம், போர் தண்ணீர், வெள்ளைப் படிவு: எங்கே தப்பு செய்கிறேன்?

புதுக்குளத்தான் | அக்டோபர் 2, இரவு 9.40

வணக்கம். கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் போகிற வழியில் வீடு கட்டிக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டினோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒரு முனையில் ஆழம் 1 மீட்டர், மறுமுனையில் 1.6 மீட்டர். நீல டைல்ஸ், மணல் ஃபில்டர், ஒரு பம்பு. சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒரு சிலையும் உண்டு. அது மனைவியின் விருப்பம்.

தண்ணீர் 700 அடி போரிலிருந்து வருகிறது. நிரப்பியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. குளம் கட்டிக்கொடுத்தவரின் ஆள் வந்து 2 கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. "பாசி செத்து மிதக்கிறது, போட்டுக்கொண்டே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

நானும் இரண்டு வாரமாக தினம் அரைக்கிலோ போடுகிறேன். பழுப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் இப்போது நீர்மோர் மாதிரி இருக்கிறது. டைல்ஸைத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரப்பு. மதியத்துக்குள் குளோரின் பூஜ்யம். மகனுக்கும் மகளுக்கும் கண் சிவந்து எரிகிறது. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் | அக்டோபர் 2, இரவு 10.15

பாசிதான். எங்கள் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் மயில்துத்தம் போடுவார்கள், இரண்டே நாளில் தெளியும். ஒரு கிலோ வாங்கித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

சாயப்பட்டறை | அக்டோபர் 2, இரவு 11.05

மயில்துத்தம் வேண்டாம். பிளீச்சிங் பவுடரையும் இன்றோடு நிறுத்துங்கள். எதையும் ஊற்றாமல் இரண்டு நாள் பொறுங்கள்.

திருப்பூரில் ஒரு டையிங் யூனிட் லேபில் பதினேழு வருடமாக வேலை. தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் காலையில் டீயே குடிப்போம். ஹார்ட்னஸ் கூடினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், அதனால் வந்த பழக்கம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் நாள் பழுப்பு பாசி இல்லை, இரும்பு. போர் தண்ணீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், அப்போது கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாக மாறி நிறம் காட்டும். பாசி ஒரு மணி நேரத்தில் வராது. வந்தாலும் சுவரில் வழுவழுப்பு இருக்கும், சொரசொரப்பு இருக்காது. மயில்துத்தத்தில் இருப்பது காப்பர், இதில் அதையும் சேர்த்தால் டைல்ஸ் இடுக்கில் பச்சைக் கறை ஏறும். தலைமுடி வெளுத்தவர்களுக்கு அதுவும் பச்சையாகும்.

எனக்கு வேண்டியவை: பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்), ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் சக்தி), கால்சியம் ஹார்ட்னஸ் (கரைந்த சுண்ணாம்பின் அளவு), டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்தம்), இரும்பு. குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டில், போரிலிருந்து நேராகப் பிடித்தது ஒரு பாட்டில், இரண்டையும் லேபில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம், தனியார் லேபும் பரவாயில்லை. குளத்தின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று சொன்னார்கள்?

புதுக்குளத்தான் | அக்டோபர் 6, மாலை 6.20

லேப் தாள் வந்துவிட்டது.

போர் தண்ணீர்: பிஎச் 7.4, டிடிஎஸ் 1290, ஆல்கலினிட்டி 370, கால்சியம் ஹார்ட்னஸ் 470, இரும்பு 0.8.
குளத்துத் தண்ணீர்: பிஎச் 8.3, டிடிஎஸ் 1340, ஆல்கலினிட்டி 360, கால்சியம் ஹார்ட்னஸ் 480.

கொள்ளளவு 50,000 லிட்டர் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்று புரியவில்லை. போரில் 7.4 இருக்கிற பிஎச் குளத்தில் எப்படி 8.3 ஆனது?

சாயப்பட்டறை | அக்டோபர் 6, இரவு 10.30

முதலில் கொள்ளளவு. சராசரி ஆழம் 1.3 மீட்டர். 8 × 4 × 1.3 = 41.6 கன மீட்டர், அதாவது 41,600 லிட்டர். 42,000 என்று வைத்துக்கொள்வோம். 50,000 என்று நம்பி மருந்து போட்டால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

இரண்டாவது, உங்கள் பிளீச்சிங் பவுடர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு. ஏற்கெனவே 480 கால்சியம் இருக்கிற தண்ணீரில் தினமும் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறீர்கள். அது கரைய இடமில்லை. தண்ணீரில் மிதந்தால் மோர், சுவரில் ஒட்டினால் உப்புத்தாள். இரண்டும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். உங்கள் வாட்டர் ஹீட்டர் காயிலில் கட்டுகிற அதே கல்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லாங்லியர் 1936இல் குழாய்களுக்காகச் சொன்னது. பாய்லர்காரர்களும் நாங்களும் குளத்துக்காரர்களும் இன்று வரை அதையே சற்று மாற்றிப் பயன்படுத்துகிறோம். எளிய வடிவம் இது: பிஎச்சோடு வெப்பநிலை, கால்சியம், ஆல்கலினிட்டி மூன்றுக்கும் உரிய எண்களைக் கூட்ட வேண்டும். அதிலிருந்து 12.1ஐக் கழிக்க வேண்டும், டிடிஎஸ் 1000க்கு மேல் என்றால் 12.2.

உங்களுக்கு: 8.3 + 0.7 (தண்ணீர் 29 டிகிரி) + 2.3 (கால்சியம் 480) + 2.6 (ஆல்கலினிட்டி 360) = 13.9. கழித்தால் +1.7.

பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.3க்குள் இருந்தால் தண்ணீர் சும்மா இருக்கும். அதற்கு மேல் போனால் கல்லாகப் படியும், கீழே போனால் சிமெண்டைத் தின்னும். 1.7 என்பது படியும் என்றுகூட இல்லை, ஃபில்டர் மணலையே கட்டியாக்கிவிடும்.

மூன்றாவது, குளோரின். மதியத்துக்குள் பூஜ்யம் ஆவதற்குக் காரணம் வெயில். ஸ்டெபிலைசர் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் மருந்து) இல்லாத குளோரினை உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தின்றுவிடும். அதோடு இருக்கிற குளோரினும் வேலை செய்யவில்லை. கிருமியைக் கொல்கிற வடிவம் பிஎச் 7.5இல் பாதி இருக்கும், 8.3இல் ஏழில் ஒரு பங்குதான். காசு கொடுத்து வாங்கியதில் ஏழில் ஆறு பங்கு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பிஎச் ஏன் ஏறியது என்பதை வாத்தியார் வந்தால் அழகாகச் சொல்வார்.

பழைய வாத்தியார் | அக்டோபர் 7, காலை 5.50

கூப்பிட்ட குரலுக்கு வந்தேன். அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், குளம் எதுவும் கிடையாது. கீழ்த் தொட்டி ஒன்றுதான்.

புதுக்குளத்தாரே, கோலி சோடாவை உடைத்து மேஜைமேல் வைத்தால் என்ன ஆகும்? காற்று போய்ச் சப்பென்று ஆகும். உங்கள் போர் தண்ணீரும் ஒரு சோடாதான். நிலத்துக்கடியில் அழுத்தத்தில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. அது தண்ணீரில் அமிலமாக இருப்பதால் பிஎச் 7.4. மேலே வந்ததும் வாயு வெளியேறுகிறது, அமிலம் குறைகிறது, பிஎச் ஏறுகிறது. நீங்கள் வேறு சிங்கத்தின் வாயால் நாள் முழுதும் ஆற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

புது சிமெண்டும் ஒரு காரணம். டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டிலிருந்து முதல் ஒரு மாதம் சுண்ணாம்பு கசியும். அதுவும் பிஎச்சை ஏற்றும். அது தானாக அடங்கும்.

இனி ஆல்கலினிட்டி. இது காரம் இல்லை, காரத்தின் சேமிப்பு என்று வகுப்பில் சொல்வேன். பிஎச் என்பது கையில் இருக்கிற காசு, ஆல்கலினிட்டி பேங்கில் இருக்கிற காசு. கையில் இருப்பதைப் பிடுங்கினாலும் காசுக்காரர் பேங்கிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நீங்கள் ஒரு லிட்டர் ஆசிட் ஊற்றினால் பிஎச் இறங்கும், இரண்டு நாளில் மறுபடி 8க்கு வரும். பேங்க் கணக்கு குறைந்தால்தான் நிற்கும்.

குறைக்கிற வழி ஆசிட்தான். கணக்கு: 42,000 லிட்டரில் ஆல்கலினிட்டியை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குறைக்க, 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 800 மில்லி. 360இலிருந்து 90க்கு வர சுமார் 22 லிட்டர். பயப்படாதீர்கள், ஒரே நாளில் இல்லை. தினம் ஒரு லிட்டர், பம்பு ஓடும்போது, ஆழமான பக்கத்தில். பிஎச் 7.0க்கும் 7.2க்கும் இடையில் இறங்கியதும் நிறுத்திவிட்டுச் சிங்கத்தைத் திறந்துவிடுங்கள். வாயு வெளியேறிப் பிஎச் ஏறும், ஆனால் ஆல்கலினிட்டி ஏறாது. மறுநாள் மறுபடி ஆசிட். இதுவரை கெடுத்த சிங்கம் இனி உதவும்.

ஆசிட்டை வாளித் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பத்தாம் வகுப்புப் பாடம். கண்ணாடி, கையுறை, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு. பாத்ரூம் கழுவ விற்கிற ஆசிட் வேண்டாம், அது எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது.

உப்புக்காற்று | அக்டோபர் 7, காலை 11.10

ஈசிஆரில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு வரி சேர்க்கிறேன். ஆசிட் ஊற்றிய வாளியை வேறெதற்கும் தொடாதீர்கள். எங்கள் வாட்ச்மேன் அதே வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார். பச்சை மஞ்சளாக ஒரு புகை வந்தது. பம்பு ரூமில் நின்றவர் இருமிக்கொண்டே விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் குளோரின் வாயு. அன்று முதல் சிவப்பு வாளி ஆசிட்டுக்கு, நீல வாளி குளோரினுக்கு, இரண்டும் வேறு வேறு அறையில்.

அப்புறம் கடைக்காரர் உங்களிடம் பெரிய வெள்ளை மாத்திரையை நீட்டுவார். ட்ரைகுளோர், 90 சதவீதம். "மிதவையில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் சார்" என்பார். நான் மறந்தேன். அதில் ஸ்டெபிலைசரும் கலந்தே இருக்கிறது. ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேரும். தினம் 2 பிபிஎம் என்றால் மாதத்துக்கு 36. ஆறு மாதத்தில் 200ஐத் தாண்டியது. குளோரின் 3 காட்டுகிறது, குளமோ பச்சை! வெயிலிலிருந்து காப்பாற்றுகிற ஸ்டெபிலைசர் அளவு மீறினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். ஆவியாகாது, உடையாது. தண்ணீரைத் திறந்துவிடுவது ஒன்றுதான் வழி. 90,000 லிட்டரில் முக்கால்வாசியை வெளியேற்றினேன்.

வெளியூர் போகிற ஒரு வாரத்துக்கு மாத்திரை சரி. அன்றாடத்துக்கு லிக்விட் ஹைப்போ (கேனில் வரும் திரவக் குளோரின்) போதும். ட்ரைகுளோரையும் கால்சியம் ஹைப்போவையும் (அது இன்னொரு வகைக் குளோரின்) ஒரே மிதவையில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கோத்தகிரி மேகம் | அக்டோபர் 7, பிற்பகல் 3.30

எனக்கு நேர் எதிர்க் கதை, அதனால் சொல்கிறேன். எங்கள் ஹோம்ஸ்டே குளத்துக்குச் சுனைத் தண்ணீர். கால்சியம் 30, ஆல்கலினிட்டி 20. எவ்வளவு தெளிவு என்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இரண்டே வருடத்தில் டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமெண்டைக் காணோம். தரை, அம்மி கொத்தின மாதிரி ஆகிவிட்டது. தண்ணீருக்குச் சுண்ணாம்புப் பசி, கிடைத்ததை அரித்துத் தின்றது. பிஎச்சும் காலை 6.8, மாலை 8 என்று ஊஞ்சலாடும்.

நான் ஆப்பசோடாவும் கால்சியம் குளோரைடும் காசு கொடுத்துப் போடுகிறேன். 30,000 லிட்டரில் கால்சியத்தை 100 பிபிஎம் ஏற்ற 77 சதவீதச் செதில் சுமார் 4.3 கிலோ ஆகிறது. கரைக்கும்போது வாளி சுடும், ஜாக்கிரதை. உங்கள் 480இல் பாதியை எனக்கு அனுப்ப முடிந்தால் இருவர் பிரச்சினையும் தீரும்.

புதுக்குளத்தான் | அக்டோபர் 7, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. அனுப்ப முடிந்தால் லாரி வாடகையும் நானே தருவேன்.

அதிலிருந்துதான் ஒரு யோசனை. ஆசிட் ஆல்கலினிட்டியைக் குறைக்கும், கால்சியத்தைக் குறைக்காது இல்லையா? பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, சிறுவாணித் தண்ணீர் லாரியில் கிடைத்தால் அதை நிரப்பலாமா? அது நல்ல மென்னீர் என்று சொல்கிறார்கள்.

மாடித்தோட்டம் | அக்டோபர் 7, இரவு 9.05

மயில்துத்தத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இதில் நான் சொல்வது தப்பில்லை. எங்கள் தெருவில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று தெரியுமா? குடம் வைத்துக் காத்திருக்கிற சனம் இருக்கும்போது அந்தத் தண்ணீரில் நீச்சலடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோபப்படாதீர்கள்.

புதுக்குளத்தான் | அக்டோபர் 7, இரவு 9.20

கோபம் இல்லை அக்கா. யோசிக்காமல் கேட்டுவிட்டேன். விட்டுவிடுகிறேன்.

சாயப்பட்டறை | அக்டோபர் 7, இரவு 10.50

சிறுவாணி எதற்கு? தலைக்குமேல் கூரை இருக்கிறதே. மழைத் தண்ணீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, ஆல்கலினிட்டியும் இல்லை. மொட்டை மாடி எத்தனை சதுர மீட்டர்?

புதுக்குளத்தான் | அக்டோபர் 7, இரவு 10.55

சுமார் 140. மழைநீர்க் குழாய் தொட்டிக்குப் போகிறது.

சாயப்பட்டறை | அக்டோபர் 7, இரவு 11.20

140 சதுர மீட்டரில் 125 மில்லிமீட்டர் பெய்தால் 17,500 லிட்டர். வழியில் போவது, முதல் மழையில் மாடியைக் கழுவ விடுவது எல்லாம் கழித்து 14,000 தேறும். உங்கள் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐப்பசி மழை ஒரு மாதத்தில் அதைத் தரக்கூடும். கால்சியம் 480இலிருந்து 320க்கு வந்துவிடும், செலவே இல்லை.

ஆனால் மழையை நம்பிக் குளத்தை முழுதாகக் காலி செய்துவிடாதீர்கள். மண் ஊறியிருக்கும்போது காலிக் குளம் அடியிலிருந்து தண்ணீர் தள்ளி, மேலே எழும்பிவிடும், தொட்டியே வெடிக்கும். மழை வருகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

கையில் வைக்க ஒரு டெஸ்ட் கிட் வேண்டும். காகிதப் பட்டையை நம்பாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் டப்பாவைத் திறந்த மறுவாரமே பொய் சொல்லும். ஆல்கலினிட்டிக்கு, மீன் வளர்க்கிற கடையில் கேஎச் கிட் என்று கேளுங்கள். 5 மில்லி தண்ணீரில் துளித்துளியாக விட்டு நிறம் மாறும்வரை எண்ண வேண்டும், ஒரு துளி சுமார் 18 பிபிஎம். உங்களுக்கு இப்போது 20 துளி ஆகும், 5 துளிக்கு வந்தால் போதும். குளோரினுக்கு டிபிடி சொட்டு வாங்குங்கள். மஞ்சள் காட்டுகிற ஓடிஓ வேண்டாம், அது உழைக்கிற குளோரினையும் செத்த குளோரினையும் சேர்த்தே காட்டும்.

இரும்புக்கு: பிஎச் 7.5க்கு வந்த பிறகு ஒரு நாள் இரவு பம்பை நிறுத்திவிட்டு 800 கிராம் படிகாரத்தை வாளியில் கரைத்துக் குளம் முழுக்கத் தெளியுங்கள். காலையில் தரையில் பழுப்புச் சேறு படுத்திருக்கும். கலக்காமல், ஃபில்டர் வழியாக அல்லாமல், நேராக வெளியே போகும்படி வேக்யூம் செய்யுங்கள்.

பழைய வாத்தியார் | அக்டோபர் 8, காலை 5.40

படிகாரம் என்றதும் என் பாட்டி நினைவு. ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் பானையின் உட்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார், காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். 42,000 லிட்டருக்கு உரச முடியாது, கை தேய்ந்துவிடும். வேலை ஒன்றுதான்: மிதக்கிற பொடியை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்குவது.

புதுக்குளத்தான் | அக்டோபர் 18, இரவு 9.30

பத்து நாள் கணக்கு. தினம் ஒரு லிட்டர் ஆசிட், சிங்கம் ஓயாமல் கொட்டுகிறது. மழை எதிர்பார்த்ததற்கு முன்பே பிடித்துக்கொண்டது, மூன்று ராத்திரி வெளுத்து வாங்கியது. ஆல்கலினிட்டி 9 துளி, அதாவது 160 போல. சுவரின் சொரசொரப்பு தேய்த்தால் போகிறது. படிகாரம் போட்ட மறுநாள் காலை தரையில் நீங்கள் சொன்ன சேறு அப்படியே ஒரு பாய் விரித்த மாதிரி. வேக்யூம் பிடித்து முடித்தபோது ஆழமான முனையில் டைல்ஸ் கோடு தெரிந்தது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டேன். எவ்வளவு?

சாயப்பட்டறை | அக்டோபர் 18, இரவு 10.10

சந்தோஷம். முதலில் 30 பிபிஎம்: 1.26 கிலோ. பழைய சாக்ஸில் போட்டு, தண்ணீர் வந்து விழும் இடத்தில் கட்டுங்கள். கரைய ஒரு வாரம்கூட ஆகும், அவசரப்பட்டு இன்னொரு கிலோ போடாதீர்கள். பின்னால் 40க்குக் கொண்டுபோகலாம். 40 இருந்தால் குளோரினை 3க்குக் கீழே விடாதீர்கள்.

லிக்விட் ஹைப்போ 10 சதவீதம் என்றால் 420 மில்லிக்கு உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். கேனை வெயிலில் வைத்தால் சீக்கிரம் சத்து போய்விடும், பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பம்பு தினம் எட்டு மணி நேரம் ஓடட்டும். ஃபில்டர் மீட்டர் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது.

புதுக்குளத்தான் | அக்டோபர் 23, காலை 7.15

தீபாவளிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பன்னிரண்டு பிள்ளைகளும் பட்டாசுக்கு அப்புறம் நேராகக் குளத்தில். பாதிப் பேர் தலையில் எண்ணெய் சரியாகப் போகவில்லை. மாலையில் தண்ணீர் ஓரத்தில் நல்லெண்ணெய் வட்டம், நுரை, "குளோரின் நாற்றம் தாங்கவில்லை, அள்ளிக் கொட்டிவிட்டாய்" என்று மாமா திட்டுகிறார். சோதித்தால் உழைக்கிற குளோரின் 0.6, மொத்தம் 1.4.

இரவு 10 பிபிஎம் கணக்குக்கு 4.2 லிட்டர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து டிபிடி விட்டால் நிறமே வரவில்லை! எல்லாவற்றையும் தின்றுவிட்டது போலிருக்கிறது என்று இன்னொரு 4.2 லிட்டர் ஊற்றினேன். இன்று காலையும் நிறம் இல்லை. பிஎச் சொட்டு வேறு ஊதா நிறமாகிறது. ஆசிட் விடவா?

சாயப்பட்டறை | அக்டோபர் 23, காலை 7.40

விடாதீர்கள்! ஒன்றும் ஊற்றாதீர்கள். யாரையும் இறக்காதீர்கள்.

குளோரின் தீரவில்லை, மிதமிஞ்சி இருக்கிறது. 10க்கு மேல் போனால் டிபிடியின் நிறத்தையே குளோரின் வெளுத்துவிடும். சொட்டு விழும்போது ஒரு கணம் இளஞ்சிவப்பு மின்னி மறைகிறதா பாருங்கள். பிஎச் சொட்டு ஊதா காட்டுவதும் அதனால்தான், அந்த எண் இன்று செல்லாது. குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணீர் நாலு பங்கு கலந்து சோதியுங்கள். வருவதை ஐந்தால் பெருக்குங்கள்.

நாற்றம் அடித்தது குளோரின் கூடியதால் இல்லை, குறைந்ததால். வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து செத்துப்போன குளோரின்தான் அப்படி நாறும், கண்ணையும் எரிக்கும். 1.4இல் 0.6 போக மிச்சம் 0.8 அதுதான். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

புதுக்குளத்தான் | அக்டோபர் 23, காலை 8.20

ஆமாம், ஒரு கணம் மின்னி மறைகிறது. கலந்து சோதித்தேன்: 3.5 × 5 = 17.5. குளத்தைப் பூட்டிவிட்டேன். மூத்திரம் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

உப்புக்காற்று | அக்டோபர் 23, காலை 9.00

மூன்று நாள் வெயில் அடித்தால் தானாக இறங்கும். 5க்குக் கீழே வந்ததும் இறங்கலாம். எண்ணெய்க்கு: பழைய டென்னிஸ் பந்து இரண்டை ஸ்கிம்மரில் (மேல்தண்ணீரை இழுக்கும் வாய்) போடுங்கள், உறிஞ்சும். அடுத்த தீபாவளிக்குக் குளத்தங்கரையில் ஒரு ஷவரும் சீயக்காய் டப்பாவும்.

புதுக்குளத்தான் | நவம்பர் 9, மாலை 5.30

இன்றைய அளவுகள்: பிஎச் 7.6, ஆல்கலினிட்டி 5 துளி (90), கால்சியம் 320, ஸ்டெபிலைசர் 40, குளோரின் 3. மொத்தம் 17 லிட்டர் ஆசிட் ஆனது. லாங்லியர் கணக்கை நானே போட்டேன்: 7.6 + 0.7 + 2.1 + 2.0 = 12.4, 12.2 போனால் +0.2. மகள் ஆழமான முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு, பூவா தலையா என்று கரையிலிருந்தே சொல்கிறாள்.

ஆவியாகிற தண்ணீருக்குப் போரைத் திறக்கும்போதெல்லாம் ஆல்கலினிட்டி ஏறுமே, என்ன செய்வது?

சாயப்பட்டறை | நவம்பர் 9, இரவு 9.15

ஏறத்தான் செய்யும். ஆவியாவது வெறும் தண்ணீர், கல் உள்ளேயே நிற்கும். மழைநீர்த் தொட்டி இருக்கும்வரை அதிலிருந்து விடுங்கள். கோடையில் வேறு வழியில்லை, வாரத்துக்கு ஒரு முறை அரை லிட்டர், ஒரு லிட்டர் ஆசிட் என்று வரும். கால்சியம் 450ஐத் தாண்டினால் அடுத்த ஐப்பசிக்குக் காத்திருங்கள். இரவில் ஒரு விரிப்பு போட்டு மூடினால் ஆவியாவதும் குறையும்.

சிங்கத்தை இனி நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறங்கள்.

புதுக்குளத்தான் | நவம்பர் 9, இரவு 9.40

மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள் அண்ணா.

கடைசியாக ஒன்று. பேக்வாஷ் தண்ணீரை வீணாக்க மனசு வரவில்லை. செடிக்கு விடலாமா?

சாயப்பட்டறை | நவம்பர் 9, இரவு 10.00

தொட்டியில் பிடித்து, டிபிடியில் குளோரின் பூஜ்யம் காட்டும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். அப்புறம் தென்னைக்கு விடலாம், உப்பைத் தாங்கும். கறிவேப்பிலை, ரோஜா மாதிரி நோஞ்சான் செடிகளுக்கு வேண்டாம்.

புதுக்குளத்தான் | நவம்பர் 9, இரவு 10.05

அம்மா மூன்று வாரமாகக் கறிவேப்பிலைக்குத்தான் விடுகிறார். இலை ஏன் கொட்டுகிறது என்று நேற்றுதான் நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

மாடித்தோட்டம் | நவம்பர் 9, இரவு 10.20

என்னிடம் கன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மயில்துத்தம் சொன்னதற்குக் கணக்குத் தீர்ந்தது.